அம்மாவுக்குச் சுகர், மாத்திரை வேண்டாமாம்: நாலு பேர் சொல்லும் நாலு வழிகள்

வெறும் வயிற்றில் 168. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 251. ஹெச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரிக் கணக்கு, 8.2. பாளையங்கோட்டையில் இருக்கும் என் அம்மாவின் ரிப்போர்ட் இது. வயது 63. மூட்டு வலிக்குக் காட்டப் போன இடத்தில் டாக்டர் எழுதிக்கொடுத்த ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. மற்றபடி தாகம், சோர்வு, எடை குறைவது என்று ஒன்றும் கிடையாது. இன்றைக்கும் விடிவதற்கு முன்னால் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர்.

ரிப்போர்ட் வந்த அன்றைக்கே வீட்டில் நாலு கட்சி ஆகிவிட்டது. அம்மா சொன்னது: "மாத்திரைய ஆரம்பிச்சா அப்புறம் நிறுத்தவே முடியாதுல. நான் சாப்பாட்டுலயே கொறைச்சிருதேன்." அப்பா: "வயசானா எல்லாருக்கும் வரதுதான, அவள போட்டு வெரட்டாத." சென்னையில் இருக்கும் தங்கை: "பெரிய சுகர் ஆஸ்பத்திரியில காட்டி எல்லா டெஸ்டும் எடுத்துரலாம்." சித்தப்பா எதுவும் சொல்லவில்லை, நேராகச் சிறுகுறிஞ்சான் பொடியோடு வந்துவிட்டார்.

நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொன்னது. அப்படியானால் இந்த நாலு கட்சியும் இல்லாத தெருவே இருக்காது. நான் டாக்டர் இல்லை. ஆனால் யார் பக்கம் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று எடைபோட்டுப் பார்க்க வேண்டிய பிள்ளைகளில் ஒருவன்.

காத்திருக்க நேரம் இருக்கிறதா?

யார் சொல்வது சரி என்று பேச ஆரம்பிக்கும் முன்பே பார்க்க வேண்டியது இதைத்தான். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேல், ஹெச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல். இவற்றில் இரண்டு சேர்ந்து எட்டியிருந்தாலோ, ஒன்றே இரண்டு முறை எட்டியிருந்தாலோ சர்க்கரை நோய் உறுதி. "லேப்ல தப்பா எழுதியிருப்பான்" என்று எல்லா வீட்டிலும் ஒருவர் சொல்வார். சொல்லட்டும், இன்னொரு லேபில் ஒரு தடவை பார்ப்பதில் தவறில்லை. அங்கேயும் அதே எண் வந்தபிறகு மூன்றாவது லேபைத் தேடுவதுதான் காலத்தைக் கடத்துவது.

எடை தானாகக் குறைகிறது, தாகம் அடங்கவில்லை, ராத்திரி நாலைந்து முறை எழுந்து போகிறார், எண் 300-ஐத் தாண்டுகிறது, ஹெச்பிஏ1சி 10-க்கு மேல் என்றால் அங்கே சமாதானப் பேச்சுக்கே இடமில்லை. அன்றைக்கே டாக்டர். சிலருக்கு ஆரம்பத்தில் இன்சுலின் தேவைப்படும். பலருக்கு அது தற்காலிகம்தான், சர்க்கரை அடங்கியதும் மாத்திரைக்கு மாற்றிவிடுவார்கள். அதற்கு நேரெதிர் முனையில், ஹெச்பிஏ1சி 6.6, 6.8 என்று எல்லைக்கோட்டை ஒட்டி நிற்பவர் மூன்று மாதம் சாப்பாட்டிலும் நடையிலும் முயன்று பார்க்கிறேன் என்றால் பல டாக்டர்கள் சரி என்பார்கள்.

அம்மாவின் 8.2 இரண்டுக்கும் நடுவில். இன்றைக்கே ஓட வேண்டியதில்லை, ஆனால் அடுத்த தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடவும் முடியாது. நம் வீடுகளில் பெரும்பாலான சண்டைகள் இந்த நடுப்பகுதியில்தான் நடக்கின்றன.

மாத்திரையா, வெறும் சாப்பாடா?

அம்மாவின் கட்சியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் பாதி உண்மை. சாப்பாட்டை மாற்றினால் சர்க்கரை இறங்கும், அதிலும் நோய் வந்த புதிதில் நன்றாகவே இறங்கும். பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வின் முடிவு 2017-ல் வந்தது. சில மாதங்கள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 850 கலோரி அளவுக்கு, சாப்பாட்டுக்குப் பதிலான பானம் மட்டுமே குடித்து எடையைக் குறைத்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஓர் ஆண்டு முடிவில் மாத்திரை இல்லாமலேயே சர்க்கரை நோய் எல்லைக்குக் கீழே போயிருந்தது. யூடியூபில் "சர்க்கரையை விரட்டலாம்" என்பவர்கள் சொல்லாமல் விடுவது மற்ற விவரங்களை. அதில் சேர்ந்தவர்கள் 65 வயதுக்கு உட்பட்டவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருப்பவர்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் அந்த 46 என்பது 36 ஆகிவிட்டது. ஏற்கெனவே ஒல்லியாக, மூட்டு வலியோடு இருக்கும் ஒரு அம்மாவைப் பட்டினி போட்டால் கொழுப்பை விடச் சதைதான் முதலில் கரையும். அப்புறம் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறியும் கவலை வேறு.

மாத்திரையின் பக்கம் என்ன? புதிதாக வந்தவர்களுக்கு முதலில் எழுதப்படுவது பெரும்பாலும் மெட்ஃபார்மின். 1957-லிருந்து மனிதர்களுக்குக் கொடுத்துப் பழகிய மருந்து. ஒரு மாத்திரை ஓரிரு ரூபாய்தான். தனியாக எடுத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துபோவது அபூர்வம். ஹெச்பிஏ1சியை ஏறக்குறைய 1 முதல் 1.5 வரை இறக்கும். அதாவது அம்மாவின் 8.2, மாத்திரையும் கொஞ்சம் சாப்பாட்டு மாற்றமும் சேர்ந்தால், 7-க்குப் பக்கத்தில் வந்து நிற்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. வெறும் சாப்பாட்டால் அங்கே போக, நினைத்ததைவிட மிகக் கறாராக இருக்க வேண்டும். ஊரில் கல்யாணமும் கோயில் கொடையும் வரிசையாக வரும் வீட்டில் அது எத்தனை மாதம் நடக்கும் என்பது நமக்குத் தெரியாததா?

"ஆரம்பிச்சா நிறுத்த முடியாது" என்பதற்கு வருவோம். மெட்ஃபார்மினுக்கு உடம்பு அடிமை ஆவதில்லை. எடை குறைந்து, எண்கள் நன்றாக இருந்தால் டாக்டரே அளவைக் குறைப்பார், சிலருக்கு நிறுத்தியும் பார்ப்பார். நிறுத்த முடியாமல் போவது நோய் தொடர்வதால்.

ஆனால் இதை நான் சொன்னபோது அம்மா கேட்டுக்கொள்ளவில்லை. ஏனென்றால் அவர் பயம் வேறு. பெரியம்மாவுக்கு இருபது வருஷம் சுகர். முதலில் கால் விரலை எடுத்தார்கள், கடைசியில் டயாலிசிஸ். "அக்கா மாத்திர சாப்ட்டா, கிட்னி போச்சு" என்பதுதான் அம்மா கண்ணால் பார்த்த வரிசை. நடுவில் பெரியம்மா மாதக்கணக்கில் மாத்திரையை நிறுத்தி வைத்ததும், பிரஷரைக் கவனிக்காமல் விட்டதும் அந்த வரிசையில் இல்லை. இதை விவாதம் செய்து ஜெயிக்கலாம் என்று யாரும் முயல வேண்டாம், இறந்துபோன அக்காவைப் பற்றிக் குறை சொல்வது போல ஆகிவிடும்.

வேலை செய்தது வேறொன்று. தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரம்மா, ரிப்போர்ட்டில் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 0.8 என்று இருந்த இடத்தைப் பேனாவால் சுழித்துக் காட்டி, "உங்க கிட்னி இப்ப நல்லா இருக்கு. இத இப்படியே வச்சிருக்கத்தான் மாத்திரை" என்றார். அப்புறம் வேறொரு கேள்வி கேட்டார்: "மூட்டு வலிக்கு என்ன சாப்பிடறீங்க?" அம்மா பர்ஸிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபினாக், பாதிக்கு மேல் காலி. கிட்னியைப் பற்றிப் பயந்தால் முதலில் பயப்பட வேண்டியது இதற்குத்தான் என்று டாக்டரம்மா சொன்னதும் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் ஏற்கெனவே மிகவும் பழுதாகியிருந்தால் அந்த மருந்தைக் குறைப்பார்கள், அல்லது நிறுத்துவார்கள். அதைப் பார்த்துத்தான் மாத்திரையே பழி என்று ஊரில் கதை கிளம்புகிறது. வலி மாத்திரையைத் தினமும் விழுங்குவதோ உண்மையிலேயே சிறுநீரகத்துக்குக் கெடுதல், சர்க்கரையும் சேர்ந்தால் இன்னும் அதிகம். மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசியும் சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும். எலும்பு டாக்டரிடம் சுகர் இருப்பதைச் சொல்லாமல் ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது.

மெட்ஃபார்மினில் தொல்லை இல்லாமல் இல்லை. முதல் இரண்டு மூன்று வாரம் வயிறு கலக்கும், குமட்டும், சிலருக்குப் பேதி ஆகும். நிறையப் பேர் மாத்திரையை விடுவது இந்தக் கட்டத்தில்தான். 500 மில்லிகிராமில், ராத்திரி சாப்பாட்டோடு ஆரம்பித்து மெல்ல ஏற்றினால், அதுவும் மெதுவாகக் கரையும் எஸ்ஆர் வகையாக இருந்தால், தொல்லை குறைவு. அந்த வகையில் ஒரு வேடிக்கை: மருந்து எல்லாம் உள்ளே போனபிறகும் மாத்திரையின் கூடு மலத்தில் முழுசாக வரலாம். "கரையவே இல்ல, அப்படியே வருது" என்று ரகசியமாக நிறுத்தியவர்கள் உண்டு. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வருஷக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், அதையும் இடையிடையே பார்க்கச் சொல்லலாம்.

வெரட்டுவதா, விட்டுவிடுவதா?

அப்பாவின் கட்சிக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லலாம். பிரிட்டனில் புதிதாக நோய் வந்தவர்களைச் சேர்த்து, ஒரு குழுவுக்குச் சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்படுத்தியும் இன்னொரு குழுவுக்குப் பெரும்பாலும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டோடு விட்டும் நடத்திய யுகேபிடிஎஸ் ஆய்வின் முடிவுகள் 1998-ல் வந்தன. ஆய்வு முடிந்தபின் இரு குழுவினரின் சர்க்கரை அளவும் ஒன்றுபோல் ஆகிவிட்டது. ஆனாலும் பத்து வருஷம் கழித்து, 2008-ல் பார்த்தபோது, ஆரம்பத்தில் நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குத்தான் மாரடைப்பும் மற்றச் சிக்கல்களும் குறைவாக இருந்தன. முதல் சில வருஷங்களை வீணாக்கினால் பின்னால் ஈடுகட்டுவது கடினம் என்பது அதன் பொருள். 80 தாண்டிய, வேறு பல நோய்களும் உள்ள ஒருவருக்கு ஹெச்பிஏ1சி 8 வரை பரவாயில்லை என்று டாக்டர்களே தளர்த்துவார்கள். 63 வயதில் ஓடியாடி வேலை செய்கிறவருக்கு அந்தத் தளர்ச்சி பொருந்தாது.

அப்பா சொன்னதில் "வெரட்டாத" என்ற ஒரு சொல் மட்டும் முழுக்கச் சரி. காபி டம்ளரைப் பிடுங்குவது, தட்டை எட்டிப் பார்ப்பது, விருந்தாளி முன்னால் "அம்மாவுக்கு லட்டு வேண்டாம்" என்பது எல்லாம் ஒரு வாரம் பலன் கொடுக்கும். அப்புறம் ஒளித்துச் சாப்பிடுவார்கள். ஐம்பது வருஷம் அடுக்களையை ஆண்டவரிடம் அதிகாரம் செய்தால் வேறென்ன நடக்கும்? அப்பாக்கள் என்றால் டீக்கடையில் இரண்டு வடை கூடுதலாகப் போகும், நமக்குத் தெரியவே தெரியாது.

நான் பார்த்தவரையில் இரண்டுக்கும் இடையில் பேரம்தான் நிற்கிறது. அம்மாவோடு பேசி முடிவானது இது: ராத்திரி ஒரு மாத்திரை, மூன்று மாதம், அதுவரை தட்டில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கக் கூடாது. மூன்று மாதத்துக்குப் பிறகு ஹெச்பிஏ1சி பார்த்து மறுபடி பேசுவது. ஏன் மூன்று மாதம் என்றால், ஹெச்பிஏ1சி என்பது சிவப்பணுவில் சர்க்கரை எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்ற கணக்கு. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அதற்கு முன்னால் பார்த்தால் பழைய கணக்கும் கலந்தே வரும். ரத்தசோகை இருந்தால் இந்த எண் ஏமாற்றும் என்பதால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது, நம் அம்மாக்களுக்கு அது குறைவாக இருப்பது சகஜம்தானே.

இன்னொன்றும் உதவியது. "நானும் டெஸ்ட் எடுக்கேன்மா" என்று நானும் ரத்தம் கொடுத்தேன். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைகளுக்கு வாய்ப்பு அதிகம், ஆக இது நாடகமும் இல்லை.

தனிச் சமையலா, ஒரே உலையா?

சுகர் வந்தவுடன் வீட்டில் சப்பாத்தி வந்துவிடும். சோற்றுக்குப் பதில் சப்பாத்தி என்பது நம் ஊரில் வேதவாக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கிண்ணம், அதாவது 150 கிராம் சோற்றில் மாவுச்சத்து சுமார் 40 கிராம். கொஞ்சம் பெரிய சப்பாத்தி இரண்டிலும் ஏறக்குறைய அவ்வளவே. முழுக்கோதுமையில் நார் கொஞ்சம் கூடுதல், அது லாபம். ஆனால் "சப்பாத்திதானே" என்று நாலு போனால் சோற்றைவிட மோசம். கேழ்வரகும் அப்படித்தான். கால்சியமும் நாரும் அதில் நிறைய. ஆனால் நைசாக அரைத்துக் கூழாகவோ கஞ்சியாகவோ காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை விறுவிறுவென்றுதான் ஏறும். கடித்துத் தின்பதற்கும் குடிப்பதற்கும் அவ்வளவு வித்தியாசம்.

கருப்பட்டி விஷயம் எங்கள் பக்கத்தில் கொஞ்சம் சிக்கலானது. அம்மா சீனியைத் தொட்டு வருஷமாகிறது, உடன்குடிக் கருப்பட்டி போட்டுத்தான் காபி. "நான் சீனியே போடறதில்லையே, எனக்கு எப்படி வந்துச்சு" என்று டாக்டரம்மாவிடமே கேட்டார். கருப்பட்டியில் இரும்பு முதலான சில சத்துகள் உண்டு, சுவைக்கு ஈடே கிடையாது. ஆனால் அதில் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான், நாட்டுச்சர்க்கரையும் அப்படியே. ஒரு டம்ளருக்கு இரண்டு கரண்டி, நாளைக்கு நாலு டம்ளர் என்றால் காபியில் மட்டும் 35 கிராம் சர்க்கரைக்குப் பக்கத்தில் போய்விடும். அடியோடு நிறுத்தச் சொல்வதா, குறைப்பதா என்று பார்த்தால், குறைப்பதுதான் நிலைக்கிறது: டம்ளர் இரண்டு, கரண்டி ஒன்று, பிறகு அரை. இனிப்பு மாத்திரை போடலாமா என்று கேட்பவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அதை வேண்டாம் என்று சொன்னது, எடை குறைக்க நினைப்பவர்களுக்காக. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களை அந்தப் பரிந்துரையில் சேர்க்கவில்லை. காபியை விட மனசில்லாதவர் கொஞ்ச காலத்துக்கு ஒன்றிரண்டு போட்டுக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்போது முக்கியமான கேள்வி. அம்மாவுக்குத் தனியாகச் சமைப்பதா, வீட்டுச் சாப்பாட்டையே மாற்றுவதா? தனிச் சமையல் என்பது பத்தியம். கேட்கக் கறாராக இருக்கும், நடைமுறையில் சமைக்கிறவர் யார்? அம்மாவேதான். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மத்தியானம் மூன்று மணிக்கு, பானையில் மிஞ்சிய சோறு வீணாகக் கூடாதே என்று சட்டியில் ஒட்டிய குழம்போடு பிசைந்து சாப்பிடுகிறவர் அவர். அம்மாவின் 251-க்குக் கருப்பட்டியைவிட இந்த மூன்று மணிச் சோறுதான் பெரிய காரணம் என்பது என் சந்தேகம். ஆகவே மாற்ற வேண்டியது சமையலைவிட நேரத்தையும் உலையில் போடும் அரிசியின் அளவையும். உலை அரிசியில் ஒரு ஆழாக்கைக் குறைத்தோம். அவியலோ கூட்டோ கீரையோ முன்பு தொட்டுக்கொள்ள இருந்தது, இப்போது தட்டில் பாதி. சுண்டல், பருப்பு, மீன், முட்டை ஏதாவது ஒன்று தினமும். காய்கறியை முதலில் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும், காசு செலவில்லாத வித்தை. அப்பாவும் சேர்ந்து ஒரு மணிக்கே உட்கார்ந்துவிட வேண்டும் என்று மட்டும் அவரிடம் கேட்டுக்கொண்டேன். அம்மாவைப் பத்தியம் இருக்கச் சொல்வதைவிட, அப்பாவைக் காத்திருக்கச் சொல்வது எளிது.

நடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூட்டு வலிக்காரரை விடிகாலையில் வ.உ.சி. மைதானத்துக்கு விரட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் வீட்டைச் சுற்றி, முடிந்தால் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி. போதும்.

சிறுகுறிஞ்சானுக்கு வருகிறேன். அதற்கும் வெந்தயத்துக்கும் சர்க்கரையை ஓரளவு இறக்கும் தன்மை இருக்கிறது. மாத்திரைக்குப் பதிலாக நிற்கும் அளவுக்கு நம்பக்கூடியவை அல்ல, சில மாத்திரைகளோடு சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்தும் போகலாம். பேரும் தயாரிப்பாளரும் இல்லாமல் பொட்டலத்தில் விற்கும் "சுகர் பொடி"களில் ஆங்கில மருந்தையே கலந்திருந்தது பரிசோதனைகளில் தெரிய வந்திருக்கிறது. சித்தப்பாவிடம் சண்டை போடாமல், பொடியை டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டு அம்மா சாப்பிடட்டும் என்று மட்டும் சொன்னோம். சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால் அரசு சித்த மருத்துவக் கல்லூரி பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது. அங்கே போய் இரண்டு பக்கத்து மருந்தையும் சொல்லிக் கேட்கலாம்.

மெஷினா, லேபா, சென்சாரா?

வீட்டில் குத்திப் பார்க்கும் மெஷின் ஆயிரம் ரூபாய்க்குள் வந்துவிடும், செலவு ஸ்ட்ரிப்பில்தான். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர் தினமும் குத்த வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள், ஏதாவது ஒரு சாப்பாட்டுக்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்தால் போதும். இட்லிக்கு எவ்வளவு ஏறுகிறது, பொங்கலுக்கு எவ்வளவு என்று அவரே கண்டுபிடிப்பார். நாம் சொல்லி நம்பாததை அந்தச் சின்னத் திரை சொன்னால் நம்புகிறார்கள். கை கழுவிவிட்டுத்தான் குத்த வேண்டும். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தி 300 பார்த்துப் பதறியவர்கள் உண்டு. ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைத்தால் ஈரம் பட்டுக் கெட்டுவிடும். லேபுக்கும் மெஷினுக்கும் 15 சதவீதம் வரை வித்தியாசம் இருக்கலாம், அது மெஷினின் பழுது அல்ல.

கையில் ஒட்டி இரண்டு வாரம் வைத்திருந்தால் சர்க்கரையை இடைவிடாமல் காட்டும் சென்சார் சில ஆயிரம் ரூபாய். விஷயம் தெரிந்துகொள்ளும் ஆர்வம் உள்ள அப்பாவுக்கு ஒரு முறை ஒட்டிப் பார்ப்பது நல்ல முதலீடு. எதற்கும் பதறும் அம்மாவுக்கு அது இரண்டு வாரத் தூக்கத்தைக் கெடுக்கும். எங்கள் வீட்டில் வாங்கவில்லை.

எதை வாங்கினாலும், எண்ணைப் போனில் விசாரணை செய்வதை மட்டும் தவிர்க்க வேண்டும். "இன்னிக்கு எவ்வளவு? 210-ஆ? என்ன சாப்ட்ட?" என்று கோயம்புத்தூரிலிருந்து தினமும் கேட்டால், நாலாவது நாள் 140 என்று பொய் வரும். நோட்டில் எழுதுவது அப்பா பொறுப்பு, அதைப் பார்ப்பது டாக்டர் பொறுப்பு.

தெருமுனையா, பெரிய ஆஸ்பத்திரியா?

தங்கை சொல்வது மாதாமாதத்துக்குச் சரிப்படாது, வருஷத்துக்கு ஒரு முறைக்கு முற்றிலும் சரி. அம்மாவுக்கு வந்திருக்கும் இந்த வகைச் சர்க்கரை (டைப் 2) எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது, அதனால் கண்டுபிடித்தவுடனேயே விழித்திரை, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், கால் உணர்ச்சி மூன்றையும் பார்த்துவிட வேண்டும், பிறகு ஆண்டுக்கு ஒரு தடவை. கண்ணுக்கு மருந்து விட்டுப் பார்ப்பதால் சில மணி நேரம் மங்கலாகத் தெரியும், துணைக்கு ஆள் வேண்டும். திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை இருப்பதால் இதற்காகச் சென்னை போக வேண்டியதில்லை. மற்றபடி மாதாந்திரத்துக்கு, கூப்பிடு தூரத்தில் பொறுமையாகப் பேசுகிற ஒரு டாக்டர் போதும். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், 2021 ஆகஸ்டிலிருந்து, சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வருவது பெரும்பாலும் அதே பகுதிப் பெண்மணி. ஆஸ்பத்திரி என்றாலே முகம் சுளிக்கும் அம்மாக்களுக்கு இது பெரிய ஆஸ்பத்திரியைவிட நன்றாக ஒத்துப்போகும், செலவும் இல்லை.

காலைத் தினமும் பார்ப்பது மட்டும் டாக்டருக்காகக் காத்திருக்கக் கூடாத வேலை. சித்திரை வெயிலில் நெல்லையப்பர் கோயில் பிரகாரக் கல்லில் வெறுங்காலோடு நடந்து கொப்புளம் வந்தாலும், உணர்ச்சி குறைந்த கால் என்றால் தெரியக்கூடச் செய்யாது. கோயிலுக்குச் சாயங்காலம் போகலாம். புண் ஆறவில்லை என்றால் பேரம் கிடையாது, அன்றைக்கே காட்ட வேண்டும்.

மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி 7-ஐ ஒட்டி வந்துவிட்டால் அதே வழியில் தொடரலாம். இறங்கவே இல்லை என்றால் இரண்டாவது மாத்திரை வரும், அப்போது தேர்வு செய்ய நிறைய இருக்கிறது. கிளிமெபிரைடு மலிவு, வேகமாக இறக்கும், ஆனால் சாப்பிடாமல் விழுங்கினால் சர்க்கரை தாழ்ந்துவிடும். கிளிப்டின் வகை மெதுவானது, அந்த ஆபத்து குறைவு, காப்புரிமை முடிந்துவிட்டதால் சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் விலையும் இறங்கிவிட்டது. டாபாகிளிஃப்ளோசின் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது. ஆனால் சிறுநீர் அதிகம் போகும், அந்தரங்க இடத்தில் பூஞ்சைத் தொற்று வரலாம், நீண்ட பட்டினிக்கு ஒத்துவராது. ஐப்பசியில் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கிற அம்மாவுக்கு இந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை. விரதம் இருப்பதை டாக்டரிடம் சொல்ல அம்மா கூச்சப்படுவார், நாம்தான் சொல்ல வேண்டும். சொன்னால் அதற்கேற்ற மருந்தும் அளவும் கிடைக்கும், சஷ்டியை விடச் சொல்ல வேண்டிய அவசியமும் பெரும்பாலும் வராது.

கிளிமெபிரைடு எழுதினால், வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, பேச்சுக் குழறல் எல்லாம் சர்க்கரை தாழ்வதன் அறிகுறி என்று அப்பாவுக்கும் சொல்லி வையுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். சீனியும் ஆகும், ஆனால் வோக்லிபோஸ் என்ற மாத்திரையும் சாப்பிடுகிறவருக்குச் சீனி மெதுவாகத்தான் ஏறும், அதனால் குளுக்கோஸ் பாக்கெட்டே நல்லது. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.